ஸ்பீக்கர் ஒயரைச் செருகுவதற்கு முன்: வீட்டு ஆம்ப்ளிஃபையருக்கான ஓம் கணக்கு, படிப்படியாக

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் தன் ஆம்ப்ளிஃபையரை, டிடிஏ 2030 ஐசி வைத்த செட்டை, தூக்கிக்கொண்டு வந்தார். பாட்டு ஐந்து நிமிடம் நன்றாகப் பாடும், நின்றுவிடும், கொஞ்சம் ஆறியதும் தானாகவே மறுபடி பாடும். ஐசியை மாற்றிப் பார்த்திருக்கிறார், டிரான்ஸ்ஃபார்மரையும் மாற்றிப் பார்த்திருக்கிறார். பின்பக்கம் பார்த்தால் ஒவ்வொரு சேனலிலும் இரண்டு ஜோடி ஒயர் முறுக்கிச் செருகியிருந்தது. ஒன்று 8 ஓம் பாக்ஸ், இன்னொன்று பழைய காரிலிருந்து கழற்றிய 4 ஓம் ஸ்பீக்கர். "அண்ணே, அது சின்ன ஸ்பீக்கர்தானே, அதனால எப்படி லோடு ஏறும்?" என்று கேட்டார்.

ஸ்பீக்கர் சின்னதா பெரியதா என்பது ஆம்ப்ளிஃபையருக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை, மட்டும்தான். அந்த ஓம் எவ்வளவு என்று ஒயரைச் செருகும் முன்பே கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். அளக்காமல் கணக்குப் போட்டாலும், கணக்குப் போடாமல் ஆன் செய்தாலும் கடைசியில் ஐசியின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்தான் உங்களுக்குப் பாடம் எடுக்கும்.

1. மேசையில் முதலில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். சாதாரண மஞ்சள் மீட்டரே போதும், ஆனால் உள்ளே பேட்டரி புதிதாக இருக்கட்டும். பேட்டரி இறங்கிய மீட்டர் ஓம் அளவைத் தப்பாகக் காட்டும்.

10 ஓம், 10 வாட்ஸ் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று. எலக்ட்ரானிக்ஸ் கடையில் வெள்ளையாக, சின்ன சாக்பீஸ் கட்டி மாதிரி இருக்கும். 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி ஒன்று. இன்சுலேஷன் டேப், ஒயர் சீவுகிற கட்டர், ஒரு பேனா, ஒரு துண்டுக் காகிதம்.

காகிதத்தை விட்டுவிடாதீர்கள். எந்த ஸ்பீக்கர் எத்தனை ஓம் காட்டியது என்று எழுதி பாக்ஸின் பின்னாலேயே ஒட்டிவிட்டால், அடுத்த தடவை இந்த வேலையில் பாதி மிச்சம்.

2. 'மேட்ச்' என்றால் சமமாக்குவது இல்லை

புதிதாக வருபவர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்த வார்த்தையில்தான். ஆம்ப்ளிஃபையரின் பின்னால் '8 ஓம்' என்று இருந்தால், அதன் உள்ளேயும் 8 ஓம் இருக்கிறது, வெளியேயும் அதே 8 வைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். டிரான்சிஸ்டர் அல்லது ஐசி ஆம்ப்ளிஃபையரின் சொந்த அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்ளே இருக்கும் அதன் தடை, பெரும்பாலும் ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. பின்னால் எழுதியிருப்பது 'இதற்குக் கீழே இறங்காதே' என்ற எல்லைக்கோடு.

காரணம் எளிது. ஆம்ப்ளிஃபையர் கொடுப்பது வோல்டேஜ். 20 வோல்ட் கொடுக்கும்போது 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டரை ஆம்பியர் இழுக்கும், அதாவது 50 வாட்ஸ். அதே 20 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கர் 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட்ஸ். கேட்க லாபம் போலத் தெரியும். ஆனால் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஏறும் சூடும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தச் சூட்டைத் தாங்கும்படி ஹீட் சிங்கும் டிரான்ஸ்ஃபார்மரும் போட்டிருந்தால் சரி. இல்லாவிட்டால் அந்தத் தம்பியின் செட்தான்.

ஆகவே ஓம் கூடினால் சத்தம் கொஞ்சம் குறையும், ஆபத்து இல்லை. ஓம் குறைந்தால் ஆபத்து. வால்வு ஆம்ப்ளிஃபையரும் மைக் செட் ஆம்ப்ளிஃபையரும் இதற்கு விலக்கு. அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

3. ஆம்ப்ளிஃபையரின் முதுகைப் படியுங்கள்

கம்பெனி செட்டாக இருந்தால் ஸ்பீக்கர் டெர்மினல் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். குதிரை லாடம் மாதிரி இருப்பதுதான் ஓம் குறி. அதன் முன்னால் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். '4 முதல் 16' என்று இருந்தால் 4 உங்கள் எல்லை. '6 முதல் 16' என்றால் 6.

பல செட்களில் இரண்டு வரி இருக்கும். 'ஏ அல்லது பி' என்று ஒரு எண், 'ஏ+பி' என்று அதைவிடப் பெரிய எண். பெரும்பாலானவர்கள் முதல் வரியைப் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது வரிதான் முக்கியம், அதை ஏழாவது படியில் பார்க்கலாம்.

சில ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் 4, 8 என்று மாற்ற ஒரு சுவிட்சோ மெனுவோ இருக்கும். அதை 4-இல் வைத்ததும் ஆம்ப்ளிஃபையருக்குப் புதுபலம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே சப்ளை வோல்டேஜைக் குறைத்தோ, பவரைக் கட்டுப்படுத்தியோ சூட்டைக் குறைக்கிறார்கள், அவ்வளவுதான்.

அசெம்பிள் செட்டின் முதுகில் ஒன்றும் எழுதியிருக்காது. எழுதியிருந்தால் 'பிஎம்பிஓ 2000 வாட்ஸ்' என்று விளம்பரத்துக்காக ஊதிய எண் இருக்கும். அதைப் படித்துச் சிரித்துவிட்டு எட்டாவது படிக்குப் போங்கள்.

4. ஸ்பீக்கரை மீட்டரில் அளந்து பாருங்கள்

ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து முழுக்கக் கழற்றிவிடுங்கள். ஒயர் மாட்டியபடியே அளந்தால் ஆம்ப்ளிஃபையரின் உள்சர்க்யூட்டையும் சேர்த்து அளப்பீர்கள்.

மீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வையுங்கள். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் சொந்தத் தடை. வரும் எல்லா அளவிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கரில் 0.4 என்பது பத்தில் ஒரு பங்கு, விட்டுவிட முடியாது.

இனி ஸ்பீக்கர் முனைகளில் வைத்துப் படியுங்கள். எண் நிற்காமல் ஆடினால் அறையில் யாராவது பேசுகிறார்களா பாருங்கள். ஸ்பீக்கரின் முன்னால் அதிரும் கூம்பு (கோன்) மைக் மாதிரி வேலை செய்து மீட்டரை ஆட்டும்.

8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 8 காட்டாது. மீட்டர் அளப்பது டிசி தடையை. ஸ்பீக்கரில் எழுதியிருப்பது, பாட்டு ஓடும்போது ஏசியில் தெரிகிற இம்பீடன்ஸை. 5.3 முதல் 7 வரை காட்டினால் 8 ஓம் ஸ்பீக்கர். 4.2 முதல் 5 வரை என்றால் 6 ஓம். 3 முதல் 3.8 வரை என்றால் 4 ஓம். 10.5-க்கு மேல் 13 வரை என்றால் 16 ஓம். இரண்டரைக்குப் பக்கத்தில் நின்றால் பெரும்பாலும் பழைய ஹோம் தியேட்டர் செட்டின் 3 ஓம் பாக்ஸ். அது தன் சொந்த ஆம்ப்ளிஃபையரோடு மட்டும் வாழப் பிறந்தது. ஆக்கர் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வருபவர்கள் அதிகம்.

மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை என்றால் உடனே ஸ்பீக்கரின் கம்பிச்சுருள், அதாவது காயில், போய்விட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். சின்ன சாட்டிலைட் பாக்ஸ்களில் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அது டிசியை விடாது. பாக்ஸைத் திறந்து, நேராக ஸ்பீக்கரின் இரண்டு முனைகளில் வைத்து அளந்து பாருங்கள்.

இதே கையோடு இன்னொரு சோதனை. கோனின் இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக, நேராக அழுத்துங்கள். கரகரவென்று உரசினால் வாய்ஸ் காயில் இடம் மாறியிருக்கிறது. உரசி உரசி சுற்றுகள் ஷார்ட் ஆனால் ஓம் இறங்கும், ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இந்த ஸ்பீக்கரை ஒதுக்கிவிடுங்கள்.

5. சந்தேகமாக இருந்தால் பாட விட்டு அளந்து பாருங்கள்

லேபிள் இல்லாத பாக்ஸ், உள்ளே ஸ்வரங்களைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் என்னவென்று தெரியாத பாக்ஸ் என்றால் டிசி அளவு மட்டும் போதாது. ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும். பேஸ் பாடும் வூஃபர் தன் ரெசொனன்ஸில், அதாவது அது இயல்பாகவே அதிரும் ஸ்வரத்தில், 30, 40 ஓம் வரைகூட ஏறும். அதற்குச் சற்று மேலே, பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸ் முதல் 400 ஹெர்ட்ஸ் வரைக்குள் பள்ளத்தில் இறங்கும். ஆண் குரலும் தவிலும் நிற்கிற இடம் அது, அதாவது பாட்டில் கரண்ட் அதிகம் போகிற இடம். அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதுதான் நமக்கு வேண்டும். ஸ்பீக்கர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60268-5-இன்படி, அது லேபிளில் உள்ள எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 6.4.

சிமென்ட் ரெசிஸ்டரை ஸ்பீக்கரோடு சீரிஸில், அதாவது ஒரே ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாக, போடுங்கள். அதன் உண்மையான அளவை முதலில் மீட்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 10 என்று எழுதியிருந்தாலும் 9.8 இருக்கலாம். நன்றாக வேலை செய்யும் ஆம்ப்ளிஃபையர் ஒன்றில் இதை மாட்டி, போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் வழியாக 250 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓட விடுங்கள்.

மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, ரெசிஸ்டரின் இரு முனையில் ஒரு அளவு, ஸ்பீக்கரின் இரு முனையில் ஒரு அளவு. ரெசிஸ்டர் 10 ஓம், அதில் 3.0 வோல்ட், ஸ்பீக்கரில் 2.1 வோல்ட் என்றால் 10 பெருக்கல் 2.1 வகுத்தல் 3.0, ஆக 7 ஓம். வால்யூமைத் தொடாமல் 150, 200, 300, 400 என்று நகர்த்திப் பாருங்கள். கிடைக்கும் மிகச் சிறிய எண்தான் உங்கள் ஸ்பீக்கரின் நிஜ முகம்.

மலிவான மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசியை நம்பும்படி அளப்பதில்லை. அதனால் 1000 ஹெர்ட்ஸ் பக்கம் போகாதீர்கள். அதேபோல் ஏசியில் மிகச் சிறிய ரேஞ்சே 200 வோல்ட் என்றிருக்கும் மீட்டரில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே படித்தால் கணக்குத் தப்பும். இரண்டு மூன்று வோல்ட் வரும்வரை வால்யூமை ஏற்றி, சட்டென்று படித்துவிட்டு இறக்கிவிடுங்கள். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது நல்லது, அந்தச் சத்தம் காதைக் குடையும்.

6. மொத்த லோடைக் கணக்குப் போடுங்கள்

ஒரு சேனலுக்கு ஒரு பாக்ஸ்தான் என்றால் இந்தப் படி உங்களுக்கு இல்லை. இரண்டாவது பாக்ஸ் வந்தால் கணக்கு உண்டு.

பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்ப்பது பேரலல். இரண்டு எண்ணையும் பெருக்கி, இரண்டையும் கூட்டி வந்ததால் வகுங்கள். எட்டும் எட்டும் என்றால் 4. ஆறும் எட்டும் என்றால் 48 வகுத்தல் 14, ஏறக்குறைய 3.4. அந்தத் தம்பியின் எட்டும் நாலும் என்றால் 32 வகுத்தல் 12, ஆக 2.67. அவர் மனசுக்குள் கூட்டி 12 என்றோ, சராசரி எடுத்து 6 என்றோ நினைத்திருக்கிறார். பேரலலில் மொத்தம் எப்போதும் இருப்பதிலேயே சின்ன எண்ணைவிடக் கீழேதான் வரும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே தப்பான விடை உடனே தெரிந்துவிடும்.

ஒன்றின் மைனஸை அடுத்ததன் பிளஸ்ஸோடு சேர்ப்பது சீரிஸ். இதில் வெறும் கூட்டல். நாலும் நாலும் 8. ஆனால் சீரிஸில் ஒரே மாதிரி ஸ்பீக்கர்களை மட்டும் போடுங்கள். வெவ்வேறு ஸ்பீக்கர் போட்டால், எந்த ஸ்வரத்தில் எதன் ஓம் ஏறுகிறதோ அது வோல்டேஜைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒன்று முனகும், இன்னொன்று கத்தும். எட்டும் நாலும் சீரிஸில் இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு மடங்கு பவர் எடுக்கும்.

ஒரே மாதிரி நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்கள் இருந்தால் இரண்டிரண்டாகச் சீரிஸில் போட்டு, அந்த இரண்டு ஜோடிகளையும் பேரலலில் சேருங்கள். மொத்தம் மறுபடி 8.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒரு பாக்ஸின் உள்ளே 8 ஓம் வூஃபரும் உச்ச ஸ்வரங்களைப் பாடும் 8 ஓம் ட்வீட்டரும் இருந்தால் அந்த பாக்ஸ் 4 ஓம் ஆகிவிடாது. ட்வீட்டரின் முன்னால் உள்ள கெப்பாசிட்டர் தாழ்ந்த ஸ்வரங்களை அதன் பக்கம் விடாது. வேலை மாறி மாறி நடக்கிறது. ஆனால் போன ட்வீட்டரை மாற்றும்போது ஓம் பார்த்து வாங்குங்கள். 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோடு 8 ஓம் ட்வீட்டர் ஏறக்குறைய 4200 ஹெர்ட்ஸிலிருந்து பாடத் தொடங்கும். அதே இடத்தில் 4 ஓம் ட்வீட்டர் வைத்தால் அந்த எல்லை 8400 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். நடுவில் ஒரு குழி விழும். 'புது ட்வீட்டர் சரியில்லை' என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள்.

7. ஏ, பி சுவிட்சை நம்பாதீர்கள்

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்களில் ஏ, பி என்று இரண்டு ஜோடி டெர்மினல் இருந்தால், இரண்டையும் ஒன்றாக ஆன் செய்யும்போது பெரும்பாலான செட்களில் அவை பேரலலில்தான் சேர்கின்றன. உள்ளே இரண்டு ஆம்ப்ளிஃபையர் இல்லை, ஒரே ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டு வாசல்.

எனவேதான் பின்னால் 'ஏ+பி: 8 முதல் 16' என்று எழுதுகிறார்கள். ஒவ்வொன்றும் 8 என்றால் மொத்தம் 4, அது செட்டின் எல்லைக்குள். ஹாலில் 6 ஓம், படுக்கையறையில் 6 ஓம் என்று மாட்டி இரண்டையும் தட்டிவிட்டால் மொத்தம் 3.

சித்தப்பா வீட்டில் இதே கதைதான். தனித்தனியாகப் போட்டால் பாடும், இரண்டையும் போட்டால் பத்து நிமிடத்தில் 'டக்' என்று பாதுகாப்பு ரிலே விழுந்து ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும். ரிலே பழுது என்று மெக்கானிக் அதை மாற்றிக் காசும் வாங்கிக்கொண்டு போயிருந்தார். ரிலே பாவம், அதன் வேலையைத்தான் செய்திருக்கிறது. அப்புறம் பி பக்கத்துக்கு 8 ஓம் பாக்ஸ் வாங்கி மாட்டியும் கணக்கு சேரவில்லை, 3.4-தான். கடைசியில் இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது என்று சுவிட்ச் மேல் பேப்பர் ஒட்டினோம்.

8. அசெம்பிள் செட்: டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கணக்கை ஆரம்பியுங்கள்

எழுத்து எதுவும் இல்லாத செட்டுக்கு எல்லையை நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பீக்கரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஆரம்பியுங்கள், ஏனென்றால் அங்கிருந்து வராத கரண்டை எந்த ஐசியும் தர முடியாது.

தம்பியின் செட்டையே எடுத்துக்கொள்வோம். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர். 12 வோல்ட் ஏசியை பிரிட்ஜ் டயோடு வழியாக விட்டுக் கெப்பாசிட்டரில் நிரப்பினால், பிளஸ்ஸில் ஏறக்குறைய 16, மைனஸில் 16. ஐசி தனக்கென்று இரண்டு மூன்று வோல்ட் பிடித்துக்கொள்ளும். ஸ்பீக்கருக்கு உச்சமாகப் போவது 13 வோல்ட்.

13 வோல்ட்டை 8 ஓமால் வகுத்தால் உச்சக் கரண்ட் 1.6 ஆம்பியர். 4 ஓமால் வகுத்தால் 3.25. டிடிஏ 2030 தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் எல்லை 3.5 ஆம்பியர். ஆக 4 ஓம் வரை உள்ளே நிற்கிறது, நூலிழையில். 2.67 ஓம் என்றால் 4.9 ஆம்பியர் கேட்கும். ஐசி கொடுக்காது, சூடாகும், உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு அணைத்துவிடும், ஆறியதும் மறுபடி பாடும். அந்த ஐந்து நிமிட நோய்க்கு இதுதான் காரணம். ஒரிஜினல் ஐசி என்பதால் பிழைத்தது. போலி ஐசியில் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

வாட்ஸ் எவ்வளவு என்று கேட்பீர்கள். 13-ஐ 13-ஆல் பெருக்கி, ஓமின் இரண்டு மடங்கால் வகுங்கள். 8 ஓமில் பத்தரை வாட்ஸ், 4 ஓமில் 21. இது காகிதக் கணக்கு. லோடு ஏறும்போது சப்ளை வோல்டேஜ் இறங்குவதால் நிஜத்தில் இன்னும் குறையும்.

பெரிய ஐசிக்குப் போனால் இதே விதி இன்னும் கறாராக இருக்கும். டிடிஏ 7294-க்குத் தயாரித்தவர்களின் டேட்டாஷீட்டிலேயே 70 வாட்ஸுக்கு 8 ஓம் என்றால் பிளஸ் மைனஸ் 35 வோல்ட், 4 ஓம் என்றால் பிளஸ் மைனஸ் 27 வோல்ட் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். 35 வோல்ட் சப்ளை போட்டுவிட்டு 4 ஓம் வூஃபர் மாட்டுவது, நான் பார்த்த அளவில், இந்த ஐசியைக் கொல்ல நம் ஊரில் அதிகம் கையாளும் வழி. டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவதற்கு முன்பே ஸ்பீக்கர் 4-ஆ 8-ஆ என்று முடிவு செய்துவிடுங்கள்.

மைனஸ் சப்ளை இல்லாத ஒற்றை சப்ளை செட் என்றால் ஸ்பீக்கர் லைனில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும், பெரும்பாலும் 1000 மைக்ரோஃபாரட். 8 ஓமில் அது 20 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பேஸை விடும். 4 ஓம் மாட்டினால் 40 ஹெர்ட்ஸிலேயே பேஸ் குறையத் தொடங்கும். 4 ஓமுக்கு 2200 போடுங்கள்.

9. பிரிட்ஜ் போர்டில் மைனஸ் என்பது மைனஸ் இல்லை

எல்ஏ 4440 ஐசியைப் பிரிட்ஜாகப் போடும் போர்டு, டிபிஏ 3116 வைத்த சின்ன கிளாஸ் டி போர்டு, இரண்டிலும் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள் எதிரெதிராக இழுக்கின்றன. ஒவ்வொரு பாதிக்கும் தெரிவது ஸ்பீக்கரின் பாதி ஓம்தான். 8 ஓம் மாட்டினால் ஒவ்வொன்றும் 4 பார்க்கும், 4 மாட்டினால் 2. ஆகவே ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் 4 ஓம் தாங்கும் என்றால், அதையே பிரிட்ஜ் செய்யும்போது 8 ஓமுக்குக் கீழே போகாதீர்கள்.

இதைவிட அதிகம் நடக்கும் தவறு வேறு. இரண்டு சேனலின் மைனஸையும் ஒன்றாகச் சேர்த்து மூன்று ஒயரில் ஓட்டுவது. சாதாரண செட்டில் அது நடக்கும், பிரிட்ஜில் நடக்காது. இங்கே மைனஸ் முனையிலும் உயிர் இருக்கிறது. அதைக் கிரவுண்டோடோ, கேபினெட்டோடோ, இன்னொரு சேனலோடோ சேர்த்தால் நேர் ஷார்ட். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியாக இரண்டு ஒயர், எங்கேயும் சேராமல்.

10. ஒயர்

ஒயரின் தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 8 ஓமுக்கு 0.4, 4 ஓமுக்கு 0.2. போக வர இரண்டு வழியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 5 மீட்டர் தூரம் என்றால் 10 மீட்டர் செம்பு.

எலக்ட்ரிகல் கடையில் கேட்கும் 14/76 ஒயரில் (முதல் எண் இழைகளின் எண்ணிக்கை) இந்தத் தூரத்துக்கு 0.42 ஓம் வரும். 23/76 என்றால் 0.26. 40/76 என்றால் 0.15. ஆகவே 8 ஓமுக்கு 23/76 போதும், 4 ஓமுக்கு 40/76. செம்பு மாதிரி முலாம் பூசிய அலுமினிய ஒயருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, கத்தியால் சுரண்டிப் பாருங்கள். இதற்கு மேல் விலை கொடுத்து ஒயர் வாங்குவது உங்கள் விருப்பம்.

முனையைச் சீவும்போது ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நன்றாக முறுக்கி, முடிந்தால் ஈயம் வைத்துச் செருகுங்கள். பக்கத்து டெர்மினலைத் தொடுகிற ஒற்றை இழை, நீங்கள் இதுவரை போட்ட ஓம் கணக்கைப் பூஜ்யம் ஆக்கிவிடும்.

11. துருவம் பாருங்கள்

ஸ்பீக்கரில் பிளஸ் குறி அழிந்திருந்தால் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள். ஒரு பக்கம் தலைகீழாக இருந்தால் செட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பேஸ் காணாமல் போகும். உடனே வால்யூமை ஏற்றுவீர்கள், சூடு ஏறும்.

12. முதல் முறை ஆன் செய்வது

புது அசெம்பிள் செட் என்றால் முதலில் ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்து, ஸ்பீக்கர் முனையில் டிசி வோல்டேஜ் பாருங்கள். இரட்டை சப்ளை செட்டில் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பல வோல்ட் காட்டினால் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், காயில் கருகிவிடும். பிரிட்ஜ் போர்டில் இந்த அளவை ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கு நடுவே எடுக்க வேண்டும். ஒரு முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே எடுத்தால் சப்ளையில் பாதி காட்டி உங்களைப் பயமுறுத்தும்.

இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் செட்டை 60 வாட்ஸ் குண்டு பல்ப் வைத்த சீரிஸ் போர்டு வழியாக ஆன் செய்யுங்கள். பல்ப் ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சமாகவே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். 230 வோல்ட் பக்கம் கை போகும் வேலை இது. பழக்கம் இல்லை என்றால் தெரிந்தவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பல்பை எடுத்துவிட்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஸ்பீக்கரை மாட்டுங்கள். ஒயர் மாட்டுவதும் கழற்றுவதும் எப்போதும் ஆஃப் செய்த பிறகுதான். வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் இருபது நிமிடம் பாடவிட்டு, ஆஃப் செய்து ஹீட் சிங்கில் விரல் வையுங்கள். ஐந்து விநாடி தாங்கினால் சரி. தொட்டதும் கையை இழுத்துக்கொண்டால் லோடு அதிகம், அல்லது ஹீட் சிங்க் சின்னது. ஆறாவது படிக்குத் திரும்பிப் போங்கள்.

13. விதிவிலக்குகள்: மைக் செட்டும் வால்வும்

திருவிழா மைக் செட் ஆம்ப்ளிஃபையரை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பின்னால் காமன், 4, 8, 16, 70 வோல்ட், 100 வோல்ட் என்று வரிசையாக முனைகள் இருக்கும். அகூஜா போன்ற செட்களில் பார்த்திருப்பீர்கள். உள்ளே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இந்த மாதிரி செட்டில்தான் 'மேட்ச்' என்ற சொல் நிஜமாகவே பொருந்துகிறது. மொத்த லோடு 8 என்றால் காமனும் 8-ம், 4 என்றால் காமனும் 4-ம். ஒரே நேரத்தில் ஒரு முனையை மட்டும் பயன்படுத்துங்கள். 100 வோல்ட் முனை, லைன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்பீக்கருக்கு மட்டும். அதில் நேராக 8 ஓம் பாக்ஸை மாட்டினால் காகிதக் கணக்கில் 1250 வாட்ஸ் கேட்கும். அந்த பாக்ஸை அத்தோடு மறந்துவிடலாம்.

வால்வு ஆம்ப்ளிஃபையரில் பயம் தலைகீழ். அங்கே ஸ்பீக்கர் இல்லாமல் பாட விடுவதுதான் பெரிய ஆபத்து. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் பொத்துக்கொள்ளும். எனவே பன்னிரண்டாவது படியில் சொன்ன 'ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்' என்பது வால்வுக்குப் பொருந்தாது. அங்கே ஸ்பீக்கரை முதலில் மாட்டுங்கள், பவரைக் கடைசியில் போடுங்கள்.

14. சேராத ஸ்பீக்கரை என்ன செய்வது

கையில் 4 ஓம் பாக்ஸ், செட்டின் எல்லை 8. சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றைச் சீரிஸில் போட்டால் ஓம் சேர்ந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஓம் சேரும். ஆனால் 4 ஓம் ரெசிஸ்டர் பாதிப் பவரைச் சூடாக்கித் தின்றுவிடும். கோனைப் பிடித்து நிறுத்துகிற ஆம்ப்ளிஃபையரின் பிடியும் தளர்ந்து, பேஸ் தொளதொளவென்று ஆகும். ஒரு நாள் விசேஷத்துக்குச் செய்யலாம், நிரந்தரமாக வேண்டாம்.

அதே ஸ்பீக்கர் இன்னொன்று கிடைத்தால் இரண்டையும் சீரிஸில் போடுங்கள். இல்லாவிட்டால் 4 ஓம் தாங்கும் செட்டுக்கு அதைக் கொடுத்துவிடுங்கள். தம்பியின் கார் ஸ்பீக்கர்கள் இப்போது ஒரு பழைய 4440 போர்டில், 12 வோல்ட் அடாப்டரில், அவர் வீட்டு மொட்டை மாடியில் தனியாகப் பாடுகின்றன. 2030 செட்டில் 8 ஓம் பாக்ஸ் மட்டும் இருக்கிறது. ஹீட் சிங்கில் கை வைத்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.